தயிர் தோயாத மூன்று நாட்கள்: பாலில் ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

போன வருடம் கார்த்திகையில் எங்கள் வீட்டில் மூன்று நாள் தொடர்ந்து தயிர் தோயவில்லை. முதல் நாள் அம்மா மழையைக் குறை சொன்னார். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டில் கொஞ்சம் தயிர் வாங்கி வந்து அதை உறை ஊற்றினார். மூன்றாம் நாள் காலையில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "பால்லதான்டா ஏதோ இருக்கு" என்றார்.

நாங்கள் இருப்பது திருமுல்லைவாயில். அயப்பாக்கம் பக்கம் நாலு கறவை மாடு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம்தான் ஏழெட்டு வருடமாகப் பால் வாங்குகிறோம். அன்று சாயங்காலம் அவர் கேனோடு வந்தபோது கேட்டேன்.

"ஒரு மாட்டுக்கு மடி வீங்கிப் போச்சு தம்பி. டாக்டர் வந்து ஊசி போட்டாரு. காம்புல டியூப் மருந்தும் ஏத்தினாரு. இப்போ பரவாயில்ல."

"அந்த மாட்டுப் பாலையும் கேன்ல ஊத்தினீங்களா அண்ணா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னார்: "ஒம்போது லிட்டர் தம்பி. கீழ ஊத்தினா யாரு காசு குடுப்பா?"

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. என் மகளுக்கு நாலு வயதில் அமாக்சிசிலின் சிரப் கொடுத்தபோது உடம்பெல்லாம் தடித்து முகம் வீங்கிவிட்டது. அவளுடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் 'பெனிசிலின் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அந்த மூன்று நாளும் அவள் அதே பாலைத்தான் குடித்தாள். அவளுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பாலில் உண்மையிலேயே மருந்து இருந்ததா, எவ்வளவு இருந்தது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. பால் தீர்ந்துவிட்டது.

நான் சாஃப்ட்வேர்காரன். மருத்துவமோ பால்வளமோ படித்தவன் அல்ல. அடுத்த சில மாதங்கள் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், வீட்டில் சில சோதனைகளும் செய்து பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

மாட்டுக்கு மடிநோய் வந்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பது தப்பில்லை. கொடுக்காவிட்டால் மாடு வலியில் துடிக்கும், மடியே கெட்டுப்போகும். கொடுத்த மருந்து மாட்டின் உடம்பிலிருந்து முழுதாக வெளியேறச் சில நாள் ஆகும். வெளியேறும் வழிகளில் ஒன்று பால். அப்படிப் பாலிலோ, கறியிலோ, முட்டையிலோ, மீனிலோ, தேனிலோ தங்கிவிடும் மருந்தைத்தான் 'எச்சம்' என்கிறார்கள்.

எச்சம் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் பொதுவாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு உச்ச வரம்பு உண்டு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், பாலில் பெனிசிலினுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 4 மைக்ரோகிராம். ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு 100 மைக்ரோகிராம். பெனிசிலினுக்கு மட்டும் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் ஒவ்வாமை. ஒவ்வாமை உள்ளவர்களை மனதில் வைத்து, ஒருவர் ஒரு நாளில் உணவு வழியாக உட்கொள்ளும் பெனிசிலின் 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று நிபுணர் குழு பரிந்துரைத்திருக்கிறது.

4 மைக்ரோகிராம் என்றால் எவ்வளவு? பத்து லட்சம் லிட்டர் பாலில் 4 கிராம். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் யூனிட் பெனிசிலின் என்பது 60 மில்லிகிராம். அது முழுவதும் பாலில் கலந்தால் 15,000 லிட்டர் பாலை வரம்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். நிஜத்தில் மருந்து முழுவதும் பாலுக்கு வராது. ஒரு பகுதி உடம்புக்குள் போய்ச் சிறுநீரில் வெளியேறும். இருந்தாலும், 'பெரிய டேங்கரில் கலந்தால் கரைஞ்சு போயிடும்' என்ற நம்பிக்கை எவ்வளவு தப்பு என்பதற்கு இந்தக் கணக்கு போதும். எங்கள் பால்காரர் விஷயத்தில் டேங்கரும் இல்லை. நாலு மாட்டுப் பாலில் ஒரு மாட்டுப் பால். நாலில் ஒரு பங்குதான் நீர்த்திருக்கும்.

"காய்ச்சினா போயிடாதா?" என்று என் மனைவி கேட்டாள். போகாது. கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்லும். மருந்து மூலக்கூறில் ஒரு பகுதிதான் சிதையும், அதுவும் சில மருந்துகளில் மட்டும். என்ரோஃப்ளாக்சசின் போன்றவை கொதிநிலையை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும்.

என் சமையலறைச் சோதனை

தயிர் தோயாதது ஒரு நல்ல சோதனை மாதிரித்தானே தெரிகிறது? தயிரை உண்டாக்குவது பாக்டீரியா. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை நிறுத்தும். எனவே தோயாவிட்டால் மருந்து இருக்கிறது, தோய்ந்தால் இல்லை. வரலாற்றிலும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மடிநோய்க்குப் பெனிசிலின் பரவலானபோது மேல்நாடுகளில் முதலில் அலறியவர்கள் டாக்டர்கள் அல்ல, சீஸ் தயாரித்தவர்கள். அவர்களுடைய உறை வேலை செய்யாமல் போனது.

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். வீட்டில் மிச்சமிருந்த 500 மில்லிகிராம் அமாக்சிசிலின் மாத்திரை ஒன்று. அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். அதைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, பாக்கெட் பாலில் கலந்து, ஐந்து டம்ளர் தயார் செய்தேன். முதல் டம்ளரில் மருந்தில்லை. மற்ற நான்கில் லிட்டருக்கு 4, 40, 400, 4000 மைக்ரோகிராம். ஐரோப்பிய ஒன்றியம் பாலில் அமாக்சிசிலினுக்கு வைத்திருக்கும் வரம்பும் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான். ஆக வரம்பு, அதன் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு. எல்லாவற்றிலும் ஒரே அளவு உறை, ஒரே இடத்தில், ஒரே ராத்திரி.

காலையில் 400-ம் 4000-ம் பாலாகவே இருந்தன. 40 தோய்ந்திருந்தது, கொஞ்சம் இளகலாக. 4 அப்படியே கெட்டித் தயிர். மருந்தில்லாத டம்ளருக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இன்னொரு வீட்டு உறையை வைத்துத் திரும்பச் செய்தபோது 40-ம் நன்றாகவே தோய்ந்துவிட்டது.

அதாவது வரம்பைப் போலப் பத்து மடங்கு மருந்து இருந்தும் தயிர் தோய்கிறது. இன்னொரு பக்கம், மருந்தே இல்லாமல் தயிர் தோயாமல் போகப் பத்துக் காரணம் இருக்கிறது: குளிர், பழைய உறை, பால் ரொம்பச் சூடாக இருக்கும்போது உறை ஊற்றுவது. கார்த்திகை மழையை அம்மா குறை சொன்னதிலும் நியாயம் உண்டு. தயிர் தோய்ந்ததை வைத்துப் பால் சுத்தம் என்று முடிவுகட்ட முடியாது. தோயாததை வைத்துப் பால்காரரைக் குற்றவாளியாக்கவும் முடியாது.

ஒரு எச்சரிக்கை. இதை நீங்கள் வீட்டில் செய்யாதீர்கள். பாலைத் தவறுதலாக யாராவது குடித்துவிடலாம். மருந்தைச் சாக்கடையில் கொட்டுவதும் தப்பு. நான் எல்லாவற்றையும் ப்ளீச்சிங் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்துக் கொட்டினேன். டம்ளர்களை மனைவி திரும்பச் சமையலறைக்குள் விடவில்லை.

மூன்று வகைச் சோதனை

தொழில்முறையில் செய்வதை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தயிர்ச் சோதனையின் கறாரான வடிவம். வீட்டு உறைக்குப் பதிலாக ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற ஒரே ஒரு பாக்டீரியா. பெனிசிலின் என்றால் இதற்கு ரொம்பப் பயம். 64 டிகிரிச் சூட்டில் வேகமாக வளரும். அந்தச் சூட்டில் பாலில் உள்ள வேறு கிருமிகள் குறுக்கே வராது. சிறு குப்பியில் இந்த பாக்டீரியாவின் வித்துகள், உணவு, ஊதா நிறச் சாயம் எல்லாம் இருக்கும். சில சொட்டுப் பால் விட்டு மூன்று மணி நேரம் சூட்டில் வைக்க வேண்டும். பாக்டீரியா வளர்ந்தால் அமிலம் உண்டாகி ஊதா மஞ்சளாகும். ஊதாவாகவே நின்றால் வளர்ச்சியை ஏதோ தடுத்திருக்கிறது. 1970-களில் நெதர்லாந்திலிருந்து வந்த டெல்வோடெஸ்ட் இந்த வகை.

இதற்கும் ஓட்டைகள் உண்டு. 'ஏதோ' தடுத்தது என்று சொல்லுமே தவிர எது என்று சொல்லாது. மடிநோய் வந்த மாட்டின் பாலிலும் சீம்பாலிலும் இயற்கையாகவே கிருமியை எதிர்க்கும் புரதங்கள் அதிகம். அவையே பொய்யான ஊதாவைக் காட்டலாம். இன்னொரு பக்கம், என்ரோஃப்ளாக்சசின் குடும்பத்தை இந்த பாக்டீரியா அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அந்த மருந்து இருந்தாலும் மஞ்சளாகிவிடும்.

இரண்டாவது, பட்டைச் சோதனை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரிதான், ஆனால் தலைகீழ். பட்டையில் பெனிசிலின் குடும்பத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம், தங்கத் துகள் ஒட்டியபடி இருக்கும். பாலில் மருந்து இல்லையென்றால் அந்தப் புரதம் சும்மா நகர்ந்துபோய்ச் சோதனைக் கோட்டில் ஒட்டி, சிவப்புக் கோடு தெரியும். மருந்து இருந்தால் புரதத்தின் கை ஏற்கெனவே நிறைந்துவிடும், கோட்டில் ஒட்டாது. ஆக, கோடு தெரிந்தால் நல்ல பால். கோடு மங்கினால் மருந்து. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் 'ஆக்டிவ் லோ' சிக்னலை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் எந்தக் குடும்பத்துக்காகச் செய்த பட்டையோ அதை மட்டும்தான் பார்க்கும். பெனிசிலின் பட்டை டெட்ராசைக்ளினைப் பார்க்காது. இறாலிலும் தேனிலும் அதிகம் பயன்படும் எலைசா சோதனையும் இந்தப் 'பிடித்துக்கொள்ளும் புரதம்' யோசனையில் வந்ததுதான். அதில் தட்டுக் குழிகளில் நிறத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து எண்ணாகச் சொல்லும்.

மூன்றாவது, எல்.சி.-எம்.எஸ்.-எம்.எஸ். என்ற பெரிய இயந்திரம். மாதிரியில் உள்ள பொருட்களை முதலில் ஒரு மெல்லிய குழாய் வழியாக ஓடவிட்டுப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் வெளியே வரும் நேரம் வேறு. பிறகு மூலக்கூறின் எடையைப் பார்த்து, அதை உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையையும் பார்க்கிறார்கள். நேரம், முழு எடை, துண்டு எடைகள் எல்லாம் பொருந்தினால்தான் இது இந்த மருந்து, இவ்வளவு இருக்கிறது என்று எழுதுவார்கள். நீதிமன்றத்திலோ ஏற்றுமதித் தகராறிலோ நிற்கக்கூடிய விடை இதுதான். ஆனால் இதுவும் தேடச் சொன்ன மருந்துகளை மட்டுமே தேடும். இயந்திரத்தின் விலையும் படித்த ஆட்களின் சம்பளமும் சேர்ந்தால், பால்காரரின் கேனுக்கு இது வரவே வராது.

அதனால் நடைமுறை இப்படி: மலிவான முதல் இரண்டில் ஒன்றால் எல்லாவற்றையும் சலிப்பது, சந்தேகம் வந்ததை மட்டும் மூன்றாவதுக்கு அனுப்புவது.

ஏன் ஒரே சோதனையை நம்பக்கூடாது: ஒரு கணக்கு

2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் நாடு முழுக்க ஒரு பால் ஆய்வு நடத்தியது. 50,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள 1,103 ஊர்களில் 6,432 மாதிரிகள். முடிவு 2019 அக்டோபரில் வெளிவந்தது. ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பை மீறியவை 77 மாதிரிகள், அதாவது 1.2 சதவீதம். அதிகம் இருந்தது மத்தியப் பிரதேசத்தில், 23.

(அதே ஆய்வில் தமிழ்நாட்டுக்கு வேறொரு தலைவலி வெளியே வந்தது. பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து பாலுக்கு வரும் அஃப்லடாக்சின் எம்1, இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88-ல் வரம்பை மீறியிருந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இப்போது இந்த 1.2 சதவீதத்தை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் பால் மாதிரிகள். அதில் 12-ல் உண்மையிலேயே வரம்புக்கு மேல் மருந்து. உங்கள் கையில் ஒரு பட்டை. கெட்ட பாலை ஒன்று விடாமல் பிடிக்கும், நல்ல பாலில் நூற்றுக்கு ஐந்தைத் தவறாகக் குறை சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல பட்டைதான். ஆனால் நல்ல மாதிரிகள் 988. அதில் ஐந்து சதவீதம் 49. ஆக மொத்தம் 61 மாதிரிகள் 'கெட்டது' என்று வரும். அதில் நிஜமாகவே கெட்டது 12. ஐந்து பேரைப் பிடித்தால் நாலு பேர் நிரபராதி.

எங்கள் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறோம். அபூர்வமான பிழையைத் தேடும் அலாரம், எவ்வளவு நல்ல அலாரமாக இருந்தாலும், பெரும்பாலும் சும்மாவே அடிக்கும். வாட்ஸப்பில் ஒரு பட்டைப் படத்தைப் போட்டு 'இந்தப் பாலில் ஆன்டிபயாடிக்' என்று யாராவது எழுதினால், உறுதிப்படுத்தும் சோதனை நடந்ததா என்று முதலில் கேளுங்கள்.

அதே சமயம், ஊசி போட்ட மாடு இது என்று முன்னாலேயே தெரிந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது கோடு மங்கினால் அது அநேகமாக உண்மை. மாட்டுக்கு என்ன நடந்தது என்ற தகவல்தான் பட்டைக்கு மதிப்பைக் கொடுக்கிறது.

இறாலுக்குக் கிடைக்கும் மரியாதை

பாலை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம். இந்தியாவில் மிகக் கண்டிப்பாக எச்சம் பார்க்கப்படும் விலங்கு உணவுகளில் ஒன்று, ஏற்றுமதிக்குப் போகும் வளர்ப்பு இறால். ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய இறால் குளத்திலிருந்து அறுவடைக்கு முன்பே மாதிரி எடுத்து, கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் எலைசா ஆய்வகத்தில் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் ஆகிய தடைசெய்யப்பட்ட மருந்துகள்தான் முக்கிய இலக்கு. அங்கே துறைமுகத்தில் மறுபடியும் சோதனை. இந்திய வளர்ப்பு இறாலில் இவ்வளவு சரக்கைச் சோதித்தே ஆக வேண்டும் என்ற விகிதத்தை 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுட்பம். நைட்ரோஃபியூரான் கொடுத்தால் சில மணி நேரத்தில் உடம்பில் அந்த மருந்தே இருக்காது, சிதைந்துவிடும். மருந்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் சிதைந்த துண்டுகள் சதைப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் இருக்கும். அதனால் ஆய்வகம் மருந்தைத் தேடுவதில்லை, அதன் காலடித் தடத்தைத் தேடுகிறது. அதுவும் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் அளவில். 2022 இறுதியிலிருந்து ஐரோப்பா அதை 0.5 ஆக இறக்கிவிட்டது.

உள்ளூர்ச் சந்தையில் என்ன நடக்கிறது? 2014-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் டெல்லி வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளை வாங்கி ஆறு ஆன்டிபயாடிக்குகளுக்குச் சோதித்தது. 40 சதவீதத்தில் எச்சம் இருந்தது. எச்சம் இருந்தது என்பதுதான் முடிவு, எல்லாமே வரம்பை மீறின என்பதல்ல. ஆனாலும் அதைச் செய்தது ஒரு தன்னார்வ அமைப்பு என்பதைக் கவனியுங்கள். வெளிநாட்டுக்காரர் திருப்பி அனுப்பினால் பணம் போகும், அதனால் இறாலுக்குச் சோதனை குளத்தங்கரைக்கே வருகிறது. நமக்கு அப்படித் திருப்பி அனுப்பும் துறைமுகம் இல்லை.

எச்சச் சோதனை சொல்லாத இன்னொரு விஷயமும் உண்டு. தினமும் தீவனத்தில் ஆன்டிபயாடிக் தின்ற கோழிக்கு, வெட்டுவதற்குச் சில நாள் முன்பு நிறுத்திவிட்டால் எச்சம் இருக்காது. சோதனையில் பாஸ். ஆனால் அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர்ந்திருக்கும். எச்சம் ஒரு பிரச்சினை, எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமி இன்னொரு பிரச்சினை. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினை உணவு விலங்குகளுக்குத் தருவதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்ததும் இந்த இரண்டாவது பிரச்சினைக்காகத்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

பால்காரர் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம்.

மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பதை 'விலக்கு காலம்' எனலாம். 2012 ஜனவரியில் மருந்து விதிகளில் செய்த திருத்தத்தின்படி, உணவு தரும் விலங்குகளுக்கான மருந்தின் லேபிளில் இந்தக் காலம் எழுதியிருக்க வேண்டும். அப்படிக் குறிப்பிடாத மருந்துக்குப் பொதுக் கணக்கு உண்டு: பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கோழி மற்றும் ஆடுமாடு இறைச்சிக்கு 28 நாள், மீனுக்கு 500 டிகிரி-நாள். கடைசியாகச் சொன்னது விநோதமாக இருக்கும். தண்ணீரின் வெப்பநிலையை நாட்களால் பெருக்க வேண்டும். 25 டிகிரித் தண்ணீரென்றால் 20 நாள். மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டுக்கு ஏற்பத்தான் மருந்தைக் கழிக்கும் என்பதால் இப்படி.

லேபிளில் எழுதியாயிற்று. பின்பற்றுவது யார் பொறுப்பு? 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, இந்தச் சட்டம் விவசாயிக்கும் மீனவருக்கும் கால்நடை வளர்ப்புக்கும் பொருந்தாது என்கிறது. சிறு விவசாயியை இன்ஸ்பெக்டர் தொல்லையிலிருந்து காப்பதற்கு அதில் நியாயம் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். பாலில் எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று சொல்லும் சட்டம் தொழுவத்துக்கு வெளியே நிற்கிறது. மருந்து பாலுக்குள் போவது தொழுவத்துக்கு உள்ளே.

அந்த இடத்தில் மீதி இருப்பது லேபிளும், டாக்டர் வாய்வார்த்தையாகச் சொல்வதும், ஒன்பது லிட்டர் பாலின் விலையும்தான்.

இரண்டாம் முறை

இந்தப் பங்குனியில் அவருடைய இன்னொரு மாட்டுக்கு மடிநோய் வந்தது. இந்த முறை அவரே போன் செய்தார். "தம்பி, டாக்டர் வந்துட்டுப் போயிட்டாரு. நீங்க சொன்னீங்களேன்னு சொல்றேன்."

போய்ப் பார்த்தேன். டியூப் மருந்தின் அட்டையில் நாலு நாள் என்று இருந்தது. ஊசி மருந்துக் குப்பியின் லேபிள் கிழிந்து, படிக்க முடியவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டேன். "ஏழு நாள் வச்சுக்குங்க, வம்பே வேண்டாம்" என்றார்.

அந்த மாடு கறப்பது ஒன்பது லிட்டர். லிட்டர் 60 ரூபாய். ஒரு நாளைக்கு 540, ஏழு நாளுக்கு 3,780 ரூபாய். அவரிடம் பால் வாங்கும் வீடுகள் பதினாலு. அந்தத் தெரு வாட்ஸப் குழுவில் விஷயத்தை எழுதினேன். குடிக்காத பாலுக்கு ஏன் காசு என்று இரண்டு பேர் கேட்டார்கள். மூன்று பேர் பதிலே போடவில்லை. ஒன்பது வீடு ஒத்துக்கொண்டது, வீட்டுக்கு 420 ரூபாய். ஒரு வாரம் எல்லோருக்கும் பால் கொஞ்சம் குறைவாக வந்தது. அவ்வளவுதான்.

ஆர்வத்தில் வாங்கிவைத்திருந்த பட்டைகளில் அந்த மாட்டுப் பாலைத் தினமும் காலையில் சோதித்தேன். முதல் மூன்று நாள் கோடே இல்லை. நாலாம் நாள் ரொம்ப மங்கலாக ஒரு கோடு. ஐந்தாம் நாள் தெளிவாக வந்தது. ஆனாலும் ஏழு நாள் முடியும்வரை காத்திருந்தோம். அந்தப் பட்டை பெனிசிலின் குடும்பத்தை மட்டும்தான் பார்க்கும், ஊசியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்த கோட்டை விட டாக்டர் சொன்ன ஏழு நாள்தான் அந்த இடத்தில் பெரிய பாதுகாப்பு.

ஒரு தப்பும் நடந்தது. கீழே கொட்ட மனம் வராமல் முதல் இரண்டு நாள் அந்தப் பாலைக் கன்றுக்குக் கொடுத்திருக்கிறார். அது கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும் வழி. முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. அடுத்த முறை சொல்ல வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

தெருவில் மாடு வைத்திருப்பவரிடம் பால் வாங்குபவராக இருந்தால், "மாட்டுக்கு ஊசி போட்டா சொல்லுங்க, அந்த வாரத்துக் காசு நாங்க தர்றோம்" என்று சொல்லிவையுங்கள். இதைவிட மலிவான சோதனை கிடையாது.

பாக்கெட் பாலோ, கடையில் வாங்கும் வேறு உணவோ சந்தேகமாக இருந்தால், அதே சட்டத்தின் 40-வது பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே விற்பவரிடம் அந்த எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். முடிவில் உணவு தரமில்லை என்று வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கொடுக்கும்போது எந்த மருந்துக்குச் சோதிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுங்கள். கேட்காத மருந்தை யாரும் தேட மாட்டார்கள்.

வீட்டில் யாருக்காவது பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால், பால் குடித்த பிறகு தடிப்போ வீக்கமோ வந்தால் டாக்டரிடம் பால் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அபூர்வம்தான், ஆனால் நடப்பதுண்டு.

எங்கள் வீட்டில் இப்போது தயிர் ஒழுங்காகத் தோய்கிறது. அது எதையும் நிரூபிக்காது என்று அம்மாவிடம் டம்ளர் கணக்கையெல்லாம் சொல்லி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், அந்த மாடு இப்போ எப்படி இருக்கு?" என்றார். நன்றாக இருக்கிறது. திரும்ப ஒன்பது லிட்டர் கறக்கிறதாம்.